மொய் நோட்டும் மின்னஞ்சல் மூட்டையும்: ஆவண ஆய்வு மென்பொருள் என்னதான் செய்கிறது?

ஒத்தக்கடையில் நான் வழக்கமாக டீ குடிக்கும் கடையிலிருந்து பார்த்தால் யானைமலை முழுசாகத் தெரியும். உயர் நீதிமன்றக் கிளை பக்கத்திலேயே இருப்பதால் காலையில் அங்கே கறுப்புக் கோட்டும் கேஸ் கட்டுமாகத்தான் கூட்டம் நிற்கும். முப்பது வருடம் சர்வீஸ் போட்ட ஒரு வக்கீல் குமாஸ்தா அண்ணன் போன மாதம் என்னை மடக்கினார்.

"தம்பி, நீ ராத்திரியெல்லாம் உட்கார்ந்து அமெரிக்கா கேஸ் பாக்குறியாமே. சாப்ட்வேர்ல மெயில் எல்லாத்தையும் கொட்டுனா அதுவே சாட்சியைக் கண்டுபிடிச்சுக் குடுத்துருமாமே?"

அமெரிக்க வழக்குகளின் ஆவணங்களை ஒரு மென்பொருளில் படித்துத் தரம்பிரிப்பதுதான் என் வேலை. அதைப் பற்றி அவர் நினைத்ததாவது பரவாயில்லை. என் சித்தப்பா இதை ஹேக்கிங் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார். கூடப் படித்த ஒருவன், இன்று நீதிமன்றத்தில் நின்று வாதாடுபவன், "கூகுள் டிரைவ்ல போட்டுத் தேடுறதுக்கு எதுக்குடா இவ்வளவு காசு?" என்கிறான். இன்னொரு கூட்டம், ஏஐ வந்துவிட்டது, உனக்கு வேலை போய்விடும் என்று பார்க்கும்போதெல்லாம் ஆறுதல் சொல்கிறது.

நான் பார்த்தவரை, இந்த மென்பொருளைத் தேடும் இயந்திரமாக நினைப்பதில்தான் எல்லாக் குழப்பமும் தொடங்குகிறது. தேடுவது அதன் வேலைகளில் ஒன்று. முக்கிய வேலை கணக்கு வைப்பது: எது வந்தது, யார் பார்த்தார், என்ன முடிவு எடுத்தார், எதை எதிர்த்தரப்புக்குக் கொடுத்தோம், எதைக் கொடுக்கவில்லை, ஏன் கொடுக்கவில்லை.

முதலில் டிஸ்கவரி என்ற வார்த்தை

அண்ணன் தம்பிக்குள் பாகப்பிரிவினைத் தகராறு என்று வையுங்கள். நம் ஊரில் அவரவர் தனக்குத் தோதான பத்திரத்தை மட்டும் கொண்டுவந்து காட்டுவார். தோதில்லாதது பீரோவிலேயே கிடக்கும்.

அமெரிக்க சிவில் வழக்கில் அந்தப் பீரோவையும் திறந்தாக வேண்டும். விசாரணைக்கு முன்பே ஒரு தரப்பு, "இந்த விஷயம் சம்பந்தமாக உங்களிடம் இருக்கும் ஆவணங்களைக் கொடுங்கள்" என்று கேட்கலாம். தனக்கே ஆப்பு வைக்கும் காகிதமாக இருந்தாலும் மற்றவர் கொடுக்க வேண்டும். இந்தக் கட்டத்துக்குப் பெயர்தான் டிஸ்கவரி. 1938 முதல் அங்கே கூட்டாட்சி நீதிமன்ற விதிகளில் இது இருக்கிறது. 2006 டிசம்பரில் மின்னணுத் தகவலையும் பெயர் சொல்லிச் சேர்த்தார்கள். மின்னஞ்சல், எக்செல் கோப்பு, அலுவலகச் சாட் என்று போகும் அந்தப் பகுதியை ஈ-டிஸ்கவரி என்கிறோம்.

நமக்கும் இது முழுக்கப் புதிதில்லை. 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஆர்டர் 11 இதைப் பற்றியதுதான். 2015இன் வணிக நீதிமன்றச் சட்டம் வந்த பிறகு, பெரிய வணிக வழக்குகளில் சாதகமோ பாதகமோ, தன் வசம் உள்ள ஆவணங்களைப் பட்டியல் போட்டு முன்கூட்டியே தாக்கல் செய்ய வேண்டும். ஆனால் அமெரிக்காவில் நடக்கும் அளவுக்கு இங்கே யாரும் பீரோவைக் குடைவதில்லை என்பதுதான் என் எண்ணம்.

கட்டுப் பிரித்துப் படித்தால் ஆகாதா?

ஒரு கேஸ் கட்டு என்றால் படிக்கலாம். என்ரான் என்ற அமெரிக்க நிறுவனம் திவாலான பிறகு, விசாரணைக்காக எடுத்த அதன் மின்னஞ்சல்களை அரசு அமைப்பு ஒன்று 2003இல் பொதுவில் வெளியிட்டது. சுமார் 150 பேரின் பெட்டிகளிலிருந்து ஏறக்குறைய 5 லட்சம் கடிதங்கள். எனக்கு மணிக்கு நாற்பது, ஐம்பது ஆவணம் ஓடும். மணிக்கு ஐம்பது என்று வைத்தாலும் 5 லட்சத்துக்கு 10,000 மணி நேரம். தனி ஆளாக உட்கார்ந்தால் தினம் எட்டு மணி நேரமாக, லீவே போடாமல், மூன்றரை வருடம்.

அப்படி உட்கார்ந்து முடித்தாலும், முதல் மாதம் "இது வேண்டாம்" என்று ஒதுக்கியதை மூன்றாம் வருடம் அதே கண்ணோடு பார்ப்பேனா? நிச்சயமாக மாட்டேன்.

மண்டபத்து மேஜை

அண்ணனுக்குப் புரியவைக்க நான் எடுத்துக்கொண்டது மொய். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போனால், சாப்பாட்டுப் பந்திக்கு முன்னால் மொய் மேஜையைத்தான் பார்ப்பீர்கள். ஒருவர் கவரைப் பிரித்து எண்ணி, ஊர், பெயர், தொகை என்று சத்தமாகச் சொல்வார். பக்கத்தில் இருப்பவர் எழுதுவார். இப்போது கம்ப்யூட்டர் மொய் வந்து, கையோடு ரசீதும் தருகிறார்கள். பத்து வருடம் கழித்து "நாங்க ஆயிரம் செஞ்சோம்" என்று ஒரு பேச்சு வந்தால் அந்த நோட்டுதான் பேசும்.

கவரில் இரண்டு விஷயம் இருக்கிறது. உள்ளே பணம், மேலே எழுதிய ஊரும் பெயரும். கணினிக் கோப்புக்கும் அப்படித்தான். மின்னஞ்சலின் உள்ளடக்கம் ஒன்று. அனுப்பியவர், பெற்றவர், நாள், நேரம், கடைசியாகத் திருத்திய தேதி ஆகிய மேல்விவரங்கள் இன்னொன்று. இந்த மேல்விவரங்களை மெட்டாடேட்டா என்கிறார்கள். மின்னஞ்சலை அச்சடித்துக் கொடுத்தால் இதில் பாதி காணாமல் போகும். மென்பொருள் கோப்பை உள்வாங்கும்போது முதலில் இதைத்தான் தனித்தனிக் கட்டங்களில் பிரித்து வைக்கிறது.

அடுத்து, ஒரே பத்திரிகை மூன்று தடவை வந்த கதை. அப்பா பேருக்கு ஒன்று, பெரியப்பா பேருக்கு ஒன்று, அண்ணன் பேருக்கு ஒன்று, எல்லாம் ஒரே வீட்டுக்கு. அலுவலகத்தில் பன்னிரண்டு பேருக்கு ஒரு மின்னஞ்சல் போனால் பன்னிரண்டு பெட்டியிலும் அதே கடிதம் இருக்கும். அதைப் பன்னிரண்டு தடவை படிக்க வேண்டியதில்லை.

இரண்டு கோப்பு ஒன்றேதான் என்று மென்பொருளுக்கு எப்படித் தெரிகிறது? பத்திரப் பதிவில் பெருவிரல் ரேகை வைப்பதைப் போல ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு ரேகை எடுக்கிறது. கோப்பு முழுவதையும் ஒரு கணக்குக்குள் போட்டு அரைத்தால் வெளியே வரும் நீளமான குறியீடு அது. மின்னஞ்சல் என்றால், பெட்டிக்குப் பெட்டி மாறும் விவரங்களை விட்டுவிட்டு, அனுப்பியவர், பெற்றவர், நேரம், உள்ளடக்கம் போன்றவற்றை மட்டும் அரைக்கும். பெயர் ஹேஷ். ஒரு பக்கக் கடிதமானாலும் ஆயிரம் பக்கக் கோப்பானாலும் குறியீட்டின் நீளம் ஒன்றுதான். ஷா-256 என்ற முறையில் எப்போதும் 64 எழுத்து. "மதுரை" என்று மட்டும் எழுதிய கோப்புக்கு ஒரு குறியீடு வரும். கடைசியில் ஒரு புள்ளி வைத்தால் முழுக்க வேறொன்று வரும். அதனால் ரேகை ஒத்துப்போனால் நகல் என்று எடுத்துக்கொண்டு ஒன்றை மட்டும் படிக்கக் கொடுக்கிறது. மற்ற பதினொரு பேரிடமும் அது இருந்தது என்ற விவரத்தைத் தூக்கி எறியாமல் குறித்து வைக்கிறது. "எனக்கு அந்த மெயிலே வரலை" என்று நாளைக்கு ஒருவர் சொல்லும்போது அது தேவைப்படும்.

நம் வக்கீல்கள் இப்போது அடிக்கடி கேட்கும் ஹேஷும் இதுதான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 63ஆம் பிரிவின்படி மின்னணு ஆவணத்தோடு ஒரு சான்றிதழ் கொடுக்க வேண்டும். அந்தப் படிவத்தில் ஹேஷ் மதிப்பை எழுத இடம் விட்டிருக்கிறார்கள்.

ஆக இதுவரை: கோப்புகள் வந்தன, மேல்விவரம் பிரிந்தது, ரேகை எடுத்தாயிற்று, நகல்கள் ஒதுங்கின. யாரும் இன்னும் ஒரு வரிகூடப் படிக்கவில்லை.

தேடினால் கிடைத்துவிடுமா?

எல்லாரும் சறுக்கும் இடம் இதுதான். தேடல் பெட்டியில் வார்த்தையைப் போட்டால் எல்லாம் வந்துவிடும் என்ற நம்பிக்கைக்கு 1985லேயே அடி விழுந்தது. பிளேர், மாரோன் என்ற இருவர் அமெரிக்காவில் ஒரு ரயில் விபத்து வழக்கின் ஆவணங்களை எடுத்துச் சோதித்தார்கள். சுமார் 40,000 ஆவணங்கள். அனுபவமுள்ள வக்கீல்கள், திரும்பத் திரும்பத் தேடி, தேவையானதில் 75 சதவீதமாவது கிடைத்துவிட்டது என்று நம்பினார்கள். கிடைத்திருந்தது சுமார் 20 சதவீதம்.

காரணம் ரொம்ப சாதாரணமானது. ஒரு தரப்பு விபத்தை விபத்து என்று எழுதியது. மற்றத் தரப்பு "அந்தச் சம்பவம்", "அந்த நிலைமை", "அந்தச் சிக்கல்" என்று எழுதிக்கொண்டிருந்தது. தப்பு செய்தவன் அதன் பெயரைச் சொல்லி எழுதுவானா?

ஆங்கிலத்திலேயே இந்தப் பாடு என்றால் தமிழில் தேடுவதை நினைத்துப் பாருங்கள். "பணம்" என்று தேடினால் "பணத்தை", "பணத்துக்கு" இரண்டும் வராது. "ம்" போய் "த்" வந்துவிட்டதல்லவா. சரி, "பண" என்று தொடங்கும் எல்லாம் வரட்டும் என்று கேட்டால் பணியாளர், பண்டிகை முன்பணம், பண்ணை வீடு என்று எல்லாம் வரிசைகட்டி நிற்கும். வாட்ஸாப்பில் பாதிப் பேர் தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கிறார்கள், அதுவும் ஆளுக்கொரு ஸ்பெல்லிங்கில். பணத்தைப் பணம் என்று எழுதாமல் "கவர்", "ஸ்வீட்" என்று எழுதுபவர்கள் தனி ரகம்.

அதைவிடக் கொடுமை பழைய ஃபான்ட். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு வருவதற்கு முன் பாமினி மாதிரி எழுத்துருக்களில் அடித்த கடிதங்கள் இன்னும் எத்தனையோ அலுவலகக் கணினிகளில் இருக்கின்றன. நம் கண்ணுக்கு அதில் "மதுரை" என்று இருக்கும். கோப்புக்குள் இருப்பதோ நாலைந்து ஆங்கில எழுத்துகளின் குவியல், அதன் மேல் தமிழ் வேஷம் போட்டிருக்கிறது. நீங்கள் யூனிகோடில் "மதுரை" என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. ஸ்கேன் செய்த பத்திரம் என்றால் எழுத்தே இல்லை, வெறும் படம். படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் ஓசிஆர் என்ற வேலையை முதலில் செய்ய வேண்டும். முத்திரைத்தாளின் சீல் மேல் விழுந்த எழுத்தை அது எப்படிப் படித்திருக்கும் என்று திறந்து பார்த்தால் சிரிப்பு வரும்.

ஆகவே "தேடினோம், இல்லை" என்று சொல்ல முடியாது. எந்த வார்த்தைகளைப் போட்டுத் தேடினோம், எந்தக் கோப்புகளைத் தேடவே முடியவில்லை என்பதைச் சொல்ல முடியும். மென்பொருள் இந்த இரண்டு பட்டியலையும் வைத்திருக்கும். பல வழக்குகளில் தேடல் வார்த்தைகளையே இரு தரப்பும் உட்கார்ந்து பேசி முடிவு செய்கிறார்கள்.

என் திரை

இப்போது நான் செய்யும் வேலை. இணையத்தில் உள்ளே போனதும் எனக்கென்று ஒரு கட்டு ஒதுக்கியிருக்கும், அதை பேட்ச் என்போம். இடது பக்கம் ஆவணம், வலது பக்கம் சில பொத்தான்கள். வழக்குக்குத் தொடர்புடையதா, இல்லையா? மிக முக்கியமானதா? வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் நடந்த ரகசியப் பேச்சா? ஒவ்வொன்றுக்கும் அடையாளம் போட்டால்தான் அடுத்ததற்குப் போக விடும். அடையாளம் போட்ட நேரம், போட்டவர் பெயர், பிறகு மாற்றினால் மாற்றியவர் பெயர் எல்லாம் பின்னால் பதிவாகிக்கொண்டே இருக்கும். கூகுள் டிரைவ் நண்பனுக்கு என் பதில் இந்தப் பதிவுதான்.

கடைசிப் பொத்தான்தான் ஆபத்தானது. கட்சிக்காரர் தன் வக்கீலிடம் ஆலோசனை கேட்டு எழுதியதை எதிர்த்தரப்புக்குக் கொடுக்க வேண்டியதில்லை. அங்கும் இங்கும் சட்டமே அதைக் காக்கிறது. இதை பிரிவிலேஜ் என்கிறார்கள். ஆனால் சும்மா மறைத்துவிட முடியாது. எந்தத் தேதியில், யாருக்கும் யாருக்கும் நடந்த கடிதம், எந்தக் காரணத்தால் கொடுக்கவில்லை என்று ஒரு பட்டியல் கொடுக்க வேண்டும். பீரோவில் பூட்டி வைத்திருக்கிறேன், ஆனால் பூட்டி வைத்திருக்கிறேன் என்பதைச் சொல்கிறேன் என்ற மாதிரி.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் அதிகாலை மூன்று மணி இருக்கும். "நாளைக்கு அவர்கள் கேட்டால் இப்படிச் சொல்லுங்கள்" என்ற இரண்டு வரி மின்னஞ்சல் வந்தது. அனுப்பியவர் சாதாரண ஜிமெயில் முகவரியிலிருந்து அனுப்பியிருந்தார். யாரோ நண்பர் என்று நினைத்து, "தொடர்புடையது, கொடுக்கலாம்" என்று அடையாளம் போட்டுவிட்டேன். அவர்தான் கம்பெனியின் வக்கீல். வீட்டிலிருந்து சொந்த முகவரியில் எழுதியிருக்கிறார். இரண்டாம் சுற்றுச் சரிபார்ப்பில் மேலே இருந்தவர் பிடித்துவிட்டார். பதிவில் என் பெயரும் நேரமும் பளிச்சென்று இருந்தது. மறுநாள் டீம் மீட்டிங்கில் யாரும் திட்டவில்லை, அந்த முகவரியை வக்கீல்கள் பட்டியலில் சேர்த்துவிட்டு வேலையைப் பார்த்தார்கள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

கொடுக்க முடிவான ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு வரிசை எண் விழும். மொய் நோட்டின் வரிசை எண் மாதிரிதான். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எட்வின் பேட்ஸ் என்பவர், அடிக்க அடிக்கத் தானே ஒவ்வொரு எண்ணாக ஏறும் ரப்பர் முத்திரை மாதிரி ஒரு கருவியைக் கொண்டுவந்தார். கருவி போய்விட்டது, எண்ணுக்கு இன்றும் பேட்ஸ் நம்பர் என்றுதான் பெயர்.

கறுப்புப் பட்டை

சில ஆவணத்தைக் கொடுக்க வேண்டும், ஆனால் அதிலுள்ள வங்கிக் கணக்கு எண்ணை மறைக்க வேண்டும். இந்த மறைப்பு வேலைக்கு ரிடாக்‌ஷன் என்று பெயர். பேப்பரில் ஸ்கெட்ச் பேனாவால் அடித்துவிட்டு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் கீழே இருப்பது தெரியும் அல்லவா? பிடிஎஃபிலும் அதே கதை நடக்கும். மேலே கறுப்புக் கட்டம் வரைந்தால் எழுத்து அடியிலேயே இருக்கும், காப்பி செய்து வேறிடத்தில் ஒட்டினால் வந்துவிடும். 2019 ஜனவரியில் டிரம்ப்பின் முன்னாள் பிரசார மேலாளர் பால் மனஃபோர்ட்டின் வக்கீல்கள் தாக்கல் செய்த மனுவில் இதுவே நடந்து, மறைத்ததை ஊரே படித்தது. ஆய்வு மென்பொருள் கட்டத்தை வரைவதோடு நிற்காமல் அடியில் இருக்கும் எழுத்தையும் நீக்கிய பிரதியை உருவாக்கும்.

சுருக்கமாக, மனிதன் முடிவெடுக்கிறான், மென்பொருள் முடிவைக் கட்டிக் காக்கிறது.

அப்புறம் இந்த ஏஐ

இதற்கு இப்போதைய பரபரப்புக்கு முந்திய வரலாறு உண்டு. 2012இல் நியூயார்க்கில் ஆண்ட்ரூ பெக் என்ற நீதிபதி, இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்து ஆவணங்களைத் தரம்பிரிக்கும் முறையை ஒரு வழக்கில் ஏற்றுக்கொண்டார். பெயர் பிரிடிக்டிவ் கோடிங்.

வீட்டில் புது மருமகளிடம் அரிசி புடைக்கக் கொடுத்தால் மாமியார் முதலில் இரண்டு முறம் பக்கத்தில் நின்று பார்ப்பார்: "இது கல்லு, இது உமி, இதை விடு." அதற்குப் பிறகு கை தானாக ஓடும். அனுபவமுள்ள வக்கீல் சில ஆயிரம் ஆவணங்களுக்கு அடையாளம் போடுகிறார். இயந்திரம் அதைப் பார்த்து, மீதமுள்ளவற்றில் எது அந்தச் சாயலில் இருக்கிறது என்று மதிப்பெண் போடுகிறது. ஆவணத்தின் பொருள் புரிந்து தீர்ப்புச் சொல்கிறது என்று நினைக்க வேண்டாம். மாமியார் தப்பாகச் சொல்லிக்கொடுத்தால் மருமகளும் கல்லை உள்ளேதான் போடுவாள்.

சரி, இயந்திரம் ஒதுக்கியதில் நல்லது எவ்வளவு போயிற்று என்று எப்படித் தெரியும்? ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். ஆனால் பானைச் சோறு ஒரே அடுப்பில் வெந்தது. ஆவணம் அப்படியில்லை. மேலாக ஒன்றை எடுத்துப் பார்த்தால் போதாது, குலுக்கிப்போட்டு நிறைய எடுக்க வேண்டும். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். மொத்தம் 1 லட்சம் ஆவணம். இயந்திரம் 20,000ஐத் தேவை என்கிறது. ஆட்கள் படித்ததில் 12,000 உண்மையிலேயே தேவையானவை. ஒதுக்கிய 80,000இலிருந்து குலுக்கலில் 1,000 எடுத்துப் படித்தால் 10 தேவையானவை கிடைக்கின்றன. அப்படியானால் ஒதுக்கியதற்குள் ஏறக்குறைய 800 இருக்கலாம். ஆக 12,800இல் 12,000, கிட்டத்தட்ட 94 சதவீதம் பிடிபட்டிருக்கிறது. தேவையானதில் எத்தனை பங்கு வலையில் விழுந்தது என்ற இந்த அளவை ரீகால் என்கிறார்கள். 1985 வக்கீல்களிடம் இல்லாதது இந்த எண்தான். அவர்கள் 20 சதவீதத்தை வைத்துக்கொண்டு 75 என்று நம்பியதற்கும் அதுவே காரணம்.

என் வேலை இதனால் போகவில்லை, மாறியிருக்கிறது. முன்பு எல்லாவற்றையும் படித்தேன். இப்போது இயந்திரம் திணறும் இடங்களையும், குலுக்கலில் வருவதையும் படிக்கிறேன். பார்க்கப்போனால் இதுதான் கஷ்டமான பங்கு.

பீரோவே காலியாக இருந்தால்

இவ்வளவும் சொன்ன பிறகு அண்ணன் ஒரு கேள்வி கேட்டார். "எல்லாம் சரி தம்பி. அவன் மெயிலை அழிச்சுட்டு வந்து நின்னா உன் சாப்ட்வேர் என்ன செய்யும்?"

ஒன்றும் செய்யாது. உள்ளே வராததற்கு ரேகையும் கிடையாது, வரிசை எண்ணும் கிடையாது. அதனால்தான் அமெரிக்காவில், வழக்கு வரப்போகிறது என்று தெரிந்த நொடியிலிருந்தே அது சம்பந்தமான எதையும் அழிக்கக் கூடாது என்று கட்டுப்பாடு இருக்கிறது. லாரா சூபுலேக் என்ற பெண் தன் முன்னாள் முதலாளியான யூபிஎஸ் வங்கி மேல் போட்ட வழக்கில், காக்கச் சொன்ன பிறகும் சில மின்னஞ்சல்கள் அழிந்திருந்தன. அழிந்தவை வங்கிக்குப் பாதகமானவை என்று எடுத்துக்கொள்ளலாம் என ஜூரிகளுக்குச் சொல்லப்பட்டது. 2005இல் வந்த தீர்ப்பு 2.9 கோடி டாலருக்கு மேல்.

"இங்கேயும் கேக்குறாங்கல்ல, ஒரிஜினல் போன் எங்கன்னு," என்றார் அண்ணன்.

"ஆமாண்ணே. வாட்ஸாப் மெசேஜை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சிருக்கேன்னு சொல்றவங்ககிட்ட, அந்தப் போனையும் விட்டுடாதீங்கன்னு சொல்லணும்."

அவர் கிளாஸைக் கீழே வைத்தார். அவர்கள் ஆபீஸில் ஒரு கட்சிக்காரர், சீட்டுப்பண விவகாரம். ஒப்புக்கொண்டு அனுப்பிய மெசேஜ் எல்லாம் அவர் போனில்தான் இருக்கிறது. புதுப் போன் வாங்க பழசை எக்ஸ்சேஞ்சில் போடப்போவதாக முந்தின நாள் சொல்லியிருக்கிறார். அண்ணன் கேஸ் கட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, டீக்குக் காசு கொடுப்பதற்கு முன்பே அவருக்கு போன் போட்டார்.